படிக்கட்டில் நிற்கும் ஐந்து நிமிடம்
(வாசகர் கேள்விகள், புகைவிடுதல் ஆலோசகரின் பதில்கள்)

போன இதழில் புகைப்பழக்கம் பற்றி எழுதும்போது கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். நானும் பதினோரு வருடம் புகைத்தவள், நான் காதலித்ததெல்லாம் பெண்களைத்தான், இந்த இரண்டும் எனக்குள் தனித்தனிக் கதைகளாக இருந்ததில்லை என்று. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதுமானதாக இருக்கின்றன. எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். இரண்டு பேர் தங்கள் எழுத்துநடையை வைத்துக்கூட யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். அவர்கள் கடிதத்தை என் வார்த்தையில் மாற்றி எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயது. தன்பாலீர்ப்பாளன். நாலு வருடமாக ஒருவரோடு சேர்ந்து வாழ்கிறேன். வீட்டிலும் ஆபீஸிலும் அவரை என் ரூம்மேட் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினாலு சிகரெட் ஆகிறது. நம்மைப் போன்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் புகைக்கிறார்கள் என்று படித்தேன். அப்படியென்றால் நம் மனசிலேயே ஏதோ குறை இருக்கிறதா? போன இதழில் நீங்கள் சொன்னபடி ஒவ்வொரு சிகரெட்டுக்கும் முன்னால் நேரம், இடம், என்ன நடந்தது என்று மூன்று நாள் குறித்துவைத்தேன். அந்தத் தாளையும் அனுப்பியிருக்கிறேன்.

தம்பி, முதலில் அந்தத் தாளைப் பற்றிப் பேசிவிடுகிறேன். உங்கள் அனுமதியோடு மூன்றே மூன்று வரியை இங்கே எடுத்துப்போடுகிறேன்.

“காலை 11.10. பின்பக்கப் படிக்கட்டு. சனி ஞாயிறு என்ன பண்ணீங்கன்னு கேட்டாங்க.”

“மதியம் 1.40. அதே இடம். ஒருத்தர் மனைவியோட போட்டோவைக் காட்டினார்.”

“4.25. அதே இடம். அவன் போன் பண்ணினான். பக்கத்துல ஆள் இருந்ததால ‘சரிங்க சார், பாத்துடறேன் சார்’னு சொல்லி வெச்சிட்டேன்.”

மூன்றாவது வரியில்தான் என் கண் நின்றது. நாலு வருடம் கூட வாழ்கிற மனிதரை ‘சார்’ என்று கூப்பிட்டுவிட்டு உங்களால் உடனே திரும்பிவந்து வேலை பார்க்க முடியவில்லை. யாராலும் முடியாது. எங்காவது போய் நின்று முகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. ‘ஒரு தம் போட்டுட்டு வரேன்’ என்று சொன்னால் ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. ‘கொஞ்சம் தனியா நின்னுட்டு வரேன்’ என்று சொல்லிப்பாருங்கள், நாலு பேர் என்ன ஆச்சு என்பார்கள். சிகரெட் உங்களுக்காகப் பார்க்கிற முதல் வேலை இதுதான். கேள்வி கேட்கப்படாமல் வெளியேற ஒரு அனுமதிச் சீட்டு.

தமிழில் ‘அவங்க’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்காத சொல். நான் ஆறு வருடம் அந்தச் சொல்லுக்குள் குடியிருந்தேன். “அவங்க வரல, அவங்களுக்கு உடம்பு சரியில்ல.” கேட்பவர்கள் மரியாதை என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு வாக்கியமும் கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது போல இருக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது வேலை பார்த்த களைப்பைவிட அந்தக் களைப்பு அதிகம்.

இப்போது உங்கள் கேள்வி. எண்ணிக்கை அதிகம் என்பது உண்மை. அமெரிக்க அரசின் 2016ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு கொண்ட பெரியவர்களில் 20.5 சதவீதம் பேர் சிகரெட் பிடித்தார்கள். எதிர்பாலீர்ப்பு கொண்டவர்களில் 15.3 சதவீதம். 2020இல் இந்த இரண்டும் 16.1 என்றும் 12.3 என்றும் இறங்கின. இடைவெளி கொஞ்சம் குறைந்தது, மூடவில்லை. இந்த எண்களை நான் எப்படிப் படிக்கிறேன் தெரியுமா? பிறவியிலேயே மனசில் இருக்கிற குறை என்றால் நாலு வருடத்தில் அது இறங்காது. சூழல் மாறினால், உதவி கிடைத்தால் இறங்குகிற ஒன்று இது.

இலான் மேயர் என்ற உளவியலாளர் 2003இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிற ஒன்று. ‘சிறுபான்மை மன அழுத்தம்’ என்று அதற்குப் பெயர் சொல்கிறார்கள். எல்லோருக்கும் இருக்கிற வேலை, பணம், உடல்நலக் கவலைகளுக்கு மேலே, சிறுபான்மையாக இருப்பதால் மட்டுமே வந்து ஏறுகிற தனிச்சுமை. நேரடியாக நடக்கும் அவமானம் அதில் ஒரு பகுதிதான். யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று எந்நேரமும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது, தன்னை மறைப்பது, மற்றவர்கள் சொன்னதையே நம்பித் தன்னைத் தானே வெறுப்பது ஆகியவையும் அதில் சேரும். உங்கள் ஆபீஸில் இதுவரை ஒருவரும் உங்களைத் திட்டியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். திட்டவே வேண்டியதில்லை. காவல்காரன் திருடன் வராத இரவிலும் தூங்குவதில்லை.

இதில் சிகரெட் செய்கிற ஒரு மோசடி இருக்கிறது. இழுத்த பத்து இருபது வினாடிக்குள் நிகோடின் மூளையைத் தொட்டுவிடும். ரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகும். அளவு இறங்கும்போது படபடப்பு, எரிச்சல், கவனக்குறைவு எல்லாம் வரும். ‘சார்’ என்று சொல்லிவிட்டு வருகிற படபடப்பும் உடம்பில் ஏறக்குறைய இதே மாதிரிதான் தெரியும். அடுத்த சிகரெட் தீர்த்துவைப்பது தன்னால் வந்த படபடப்பை மட்டும். நல்ல பேரை மட்டும் இரண்டுக்கும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. ‘சிகரெட்தான் என்னை நிதானமா வெச்சிருக்கு’ என்று உங்களைப் போலவே நானும் சத்தியம் செய்திருக்கிறேன். 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 26 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். புகையை விட்டவர்களுக்கு, விடாதவர்களைவிட, பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைந்திருந்தன.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் ‘நம் குறை’ என்று எழுதியிருக்கிறீர்கள். 1990களின் நடுவில் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் என்ற அமெரிக்க சிகரெட் கம்பெனி சான் பிரான்சிஸ்கோவுக்கென்று ஒரு விற்பனைத் திட்டம் தீட்டியது. குறிவைத்தது காஸ்ட்ரோ பகுதியின் தன்பாலீர்ப்பு ஆண்களையும், டெண்டர்லாயின் பகுதியின் வீடற்றவர்களையும். அந்தத் திட்டத்துக்கு வைத்த ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘ஸ்கம்’ என்று வரும். கசடு, இழிபிறவி என்று அர்த்தம். கம்பெனியின் உள் ஆவணங்கள் வழக்குகளால் வெளிவந்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அதற்கு முன்பே, 1992இல், பிலிப் மோரிஸ் கம்பெனி ‘ஜான்ர்’ என்ற தன்பாலீர்ப்பு ஆண்களுக்கான பத்திரிகையில் சிகரெட் விளம்பரம் கொடுத்திருந்தது. பெரிய கம்பெனிகளில் பெரும்பாலானவை நம்மைத் திரும்பிப் பார்க்காத காலம். ‘இவர்களாவது நம்மை மனிதராக மதித்தார்களே’ என்று மகிழ்ந்தவர்கள் இருந்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாகத்தில் இருப்பவனுக்கு யார் தண்ணீர் கொடுத்தாலும் கை நீளும். நமக்கு வலிக்கிற இடத்தை நமக்கு முன்னால் கண்டுபிடித்து அங்கே கடை விரித்தார்கள். குறை யாரிடம் என்று நீங்களே சொல்லுங்கள்.

என்ன செய்யலாம்? படிக்கட்டை விட்டுவிடாதீர்கள். அதுதான் முக்கியம். சிகரெட்டை விடுகிற பலர் அந்த ஐந்து நிமிடத்தையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள். நாலாம் நாள் மூச்சு முட்டுகிறது. அதே நேரத்துக்கு அதே படிக்கட்டுக்குப் போங்கள். போய், அவருக்குத் திரும்பப் போன் பண்ணுங்கள். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். சொன்னதால் வேலை போனவர்களை எனக்குத் தெரியும். எப்போது, யாரிடம் என்பது உங்கள் கையில் இருக்கட்டும். ஆனால் ஒரு நாளில் ஒரு முறையாவது நடிக்காமல் பேசுகிற ஒரு ஆளும் ஒரு இடமும் வேண்டும். அது இல்லாமல் பதினாலு சிகரெட்டைப் பத்தாக்கலாம், பூஜ்யமாக்குவது கடினம்.

கேள்வி: நான் திருநம்பி, பெண் என்று வளர்க்கப்பட்ட ஆண். 24 வயது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் வெளியே ஆண்கள் சிலர் நின்றிருந்த இடத்தில் ஒருவர் என்னைப் பார்த்து “பிரதர், தீப்பெட்டி இருக்கா?” என்று கேட்டார். என் வாழ்க்கையில் முதல் தடவை. அன்றைக்கே ஒரு பாக்கெட் வாங்கினேன். இப்போது மார்பு அறுவைசிகிச்சைக்கு முன்னால் கட்டாயம் விட வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். புகைக்காமல் அந்தக் கூட்டத்தில் எப்படி நிற்பது என்று தெரியவில்லை அக்கா.

தம்பி, அந்த ‘பிரதர்’ உங்களுக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குப் புரிகிறது. அதைச் சின்ன விஷயம் என்று சொல்பவர்களின் பேச்சை நீங்கள் கேட்கவே வேண்டாம். பிறந்ததிலிருந்து தப்பான பெயரில் கூப்பிடப்பட்டவரை ஒரு அந்நியர், யோசிக்கக்கூட இல்லாமல், சரியாகக் கூப்பிட்டிருக்கிறார்.

ஆனால் நடந்ததைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அவர் கூப்பிடும்போது உங்கள் கையில் சிகரெட் இல்லை. நீங்கள் புகைக்கிறவரே இல்லை. வெறுமனே நின்றிருந்தீர்கள். அவர் பார்த்தது உங்களை. பாக்கெட் வாங்கியது அதற்கப்புறம்தான். அப்படியிருக்க அந்தச் சொல்லுக்கான புகழை சிகரெட்டுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

என்னிடம் வந்த இன்னொரு திருநம்பி ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் பெயரில்லாமல் அதை உங்களுக்குக் கடத்துகிறேன். சிகரெட்டை விட்டார், தீப்பெட்டியை விடவில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி. யாராவது கேட்டால் எடுத்துக் கொடுப்பார், இரண்டு வார்த்தை பேசுவார், நிற்பார். “நீங்க பத்தவைக்கலையா?” என்று கேட்டால் “விட்டுட்டேன் ப்ரோ” என்பார். அந்தப் பதிலுக்கு ஆண்கள் கூட்டத்தில் எப்போதுமே ஒரு மரியாதை உண்டு என்று சிரித்துக்கொண்டே சொன்னார். முதல் மாதத்தில் இது எல்லோருக்கும் ஒத்துவராது. புகை நடுவில் நிற்பது ஆசையைக் கிளப்பும். ஆறு வாரம் போகட்டும், பிறகு செய்து பாருங்கள்.

டாக்டர் சொன்னதற்குக் காரணம் தெரிந்தால் பிடிவாதம் எளிதாகும். நிகோடின் மெல்லிய ரத்தக் குழாய்களைச் சுருக்கும். மார்பு அறுவைசிகிச்சையில் தோலும் காம்பும் பிழைப்பது அந்தக் குழாய்கள் கொண்டுவரும் ரத்தத்தால்தான். குறைந்தது நாலு வாரம் முன்னாலாவது விட்டால் காயம் ஆறுவதில் சிக்கல் குறையும். அடுத்தது, டெஸ்டோஸ்டிரோன் ரத்தச் சிவப்பணுக்களை ஏற்றும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்தால் ரத்தம் தடிக்கும். அதனால் அறுவைசிகிச்சை முடிந்த பிறகும் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதைப் படிக்கும் திருநங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் எடுத்துக்கொண்டே புகைத்தால் ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து கூடும். புகைப்பதை டாக்டரிடம் சொன்னால் ஹார்மோனை நிறுத்திவிடுவாரோ என்று பயந்து மறைக்கிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து சொல்லுங்கள் சகோதரிகளே. மாத்திரையா, தோலில் ஒட்டுகிற பட்டையா என்று வகையை மாற்றிக்கொடுக்கக்கூட வழி இருக்கிறது.

கேள்வி: சிகரெட்டுக்குப் பதில் வேப் (மின்சிகரெட்) பிடித்தால் பரவாயில்லையா?

இதுவரை புகைக்காதவர் என்றால் தொடவே வேண்டாம். புகைக்கிறவர் என்றால், வேப்பிலும் நிகோடின் இருந்தால் அடிமைத்தனம் அப்படியே தொடரும். டாக்டரின் மேற்பார்வையில், புகையை விட உதவும் பேட்ச் (தோலில் ஒட்டுகிற பட்டை), சூயிங்கம், மாத்திரை என்று நன்றாகச் சோதிக்கப்பட்டவை இருக்கின்றன. என் ஓட்டு அவற்றுக்குத்தான்.

கேள்வி: மேடம், என் மகளுக்கு 21 வயது. தனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்று போன வருடம் சொன்னாள். அவள் அப்பா இன்றுவரை அவளோடு பேசவில்லை. நான் திட்டவில்லை, அடிக்கவில்லை. அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. போன வாரம் அவள் பையில் சிகரெட் பாக்கெட் கிடைத்தது. இந்தப் பழக்கத்தை நிறுத்தினால் அந்தப் பழக்கமும் நின்றுவிடுமா?

அம்மா, நீங்கள் எழுதியதே பெரிய விஷயம். அதனால் மறைக்காமல் பதில் சொல்கிறேன்.

சிகரெட் ஒரு பழக்கம். மகளின் ஈர்ப்பு பழக்கமல்ல, அது அவள். உலக சுகாதார நிறுவனம் 1990லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நிறுத்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

ஒன்று மற்றொன்றைக் கொண்டுவந்ததா என்பது உங்கள் மனதில் ஓடும் இன்னொரு கேள்வி. பெண்ணைப் பிடித்ததால் யாரும் புகைக்க ஆரம்பிப்பதில்லை. அதைச் சொன்ன பிறகு வீட்டில் விழுகிற அமைதியில் ஆரம்பிக்கிறவர்கள் உண்டு. “அந்தப் பேச்சையே எடுப்பதில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அதைப் பொறுமை என்று நினைத்துச் செய்கிறீர்கள், எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் இருப்பவளுக்கு அது வேறு மாதிரி கேட்கும். பள்ளிக்கூடம், காய்ச்சல், தோழி, சண்டை என்று எல்லாவற்றையும் கேட்ட அம்மா, இந்த ஒன்றை மட்டும் கேட்பதே இல்லை.

கேட்லின் ரயன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் அமெரிக்காவில் இளைஞர்களிடம் ஆய்வு செய்து 2009இல் வெளியிட்டார்கள். வளரும் வயதில் குடும்பம் கடுமையாக ஒதுக்கிய பிள்ளைகள், ஒதுக்காத அல்லது குறைவாக ஒதுக்கிய வீட்டுப் பிள்ளைகளைவிட எட்டு மடங்குக்கு மேல் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். கடும் மனச்சோர்வு ஏறக்குறைய ஆறு மடங்கு. போதைப்பொருள் பயன்பாடு மூன்று மடங்குக்கு மேல். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் வீடு அப்படிப்பட்ட வீடல்ல, உங்கள் கடிதமே சாட்சி. வீட்டில் என்ன நடக்கிறது என்பது பிள்ளையின் உடம்பு வரைக்கும் போகிறது என்பதற்காகச் சொன்னேன்.

பாக்கெட்டைப் பற்றி இப்போது பேசாதீர்கள். அவள் பையைப் பார்த்தீர்கள் என்பதுதான் அவளுக்கு முதலில் உறைக்கும், மற்றதெல்லாம் காதில் ஏறாது. அதற்குப் பதில் ஏதாவது ஒரு சாதாரண நேரத்தில், துணி மடிக்கிறபோதோ விளக்கை அணைக்கப் போகிறபோதோ, ஒரு கேள்வி கேளுங்கள். “அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?” அவள் ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிடலாம். அழலாம். ‘எந்தப் பொண்ணு?’ என்று முறைக்கலாம். நீங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டதாக நடிக்க வேண்டியதில்லை, உங்களுக்கும் நேரம் வேண்டும். கேட்டால் போதும். என் அம்மா இதைக் கேட்க ஏழு வருடம் ஆனது. கேட்ட அன்று என் பாக்கெட்டில் எத்தனை சிகரெட் மிச்சம் இருந்தது என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது. நாலு. அன்றே விட்டேன் என்று சொல்லமாட்டேன், அது பொய். அன்றிரவு ஒன்றும் பற்றவைக்கவில்லை.

கேள்வி: வயது 41. எச்.ஐ.வி. தொற்றோடு பன்னிரண்டு வருடம். மாத்திரை ஒழுங்காக எடுக்கிறேன். சிகரெட்டை மட்டும் ஏன் விட வேண்டும் என்று புரியவில்லை. எப்படியும் போகிற உயிர்தானே.

நண்பரே, அந்த ‘எப்படியும்’ என்ற சொல்லை நீங்கள் எப்போது கற்றுக்கொண்டீர்கள்? நம்மில் பலர் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டோம். வயதான நம்மவர்கள் எவரையும் கண்ணால் பார்த்ததில்லை. நாற்பதைத் தாண்டி நமக்கொரு வாழ்க்கை உண்டு என்று யாரும் சொல்லித்தரவில்லை. அறுபதாவது வயதில் வரப்போகிற புற்றுநோயைக் காட்டி நம்மைப் பயமுறுத்த முடியாமல் போவதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் கணக்கு மாறிவிட்டது. டென்மார்க்கில் தொற்றுக்கு நல்ல சிகிச்சை பெறுபவர்களை வைத்து 2013இல் வெளியான ஆய்வில், 35 வயதுக்காரர் ஒருவர் எச்.ஐ.வி.யால் இழக்கும் ஆயுள் சுமார் 5 வருடம், புகையால் இழப்பது 12 வருடத்துக்கும் மேல் என்று கண்டார்கள். பன்னிரண்டு வருடம் ஒரு மாத்திரைகூடத் தவறவிடாமல் நீங்கள் காப்பாற்றி வைத்திருக்கிற உயிர் இது. அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது அதே டாக்டரிடம் புகையைப் பற்றியும் கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் இருவரும் பெண்கள். மூன்று வருடமாகச் சேர்ந்திருக்கிறோம். முதலில் சந்தித்ததே ஒரு பார்ட்டிக்கு வெளியே, புகைக்கிற இடத்தில். இப்போது அவள் விட்டுவிட்டாள், என்னால் முடியவில்லை. பால்கனியில் நான் தனியாக நிற்கும்போது அவள் உள்ளே இருந்து பார்க்கிறாள். எங்களுக்குள் ஏதோ முடிந்துவிட்டது போலிருக்கிறது.

தங்கச்சி, “நெருப்பு இருக்கா?” என்பது நம்மைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பாதுகாப்பான கேள்வி! ஒரு பெண்ணிடம் போய்ப் பேச ஆசை. அவள் எப்படிப்பட்டவள் என்று தெரியாது. தப்பாகப் போனால் அவமானம், சில இடங்களில் அதைவிட மோசம். நெருப்புக் கேட்டால் தப்பாக ஒன்றும் போகாது. அவள் கொடுக்கிற விதத்தில், கண்ணை எடுக்காமல் இருக்கிற ஒரு வினாடியில், தெரிய வேண்டியது தெரிந்துவிடும். நானும் என் முதல் காதலியைச் சந்தித்தது இப்படித்தான். காற்று அடித்தது. அவள் என் தீக்குச்சியைச் சுற்றி இரண்டு கையையும் குவித்துப் பிடித்தாள். அந்தக் கை இன்னும் என் கண்ணில் இருக்கிறது, முகம் மங்கிவிட்டது.

நம்மவர்கள் கூடுவதற்கு மதுக்கூடங்களைத் தவிர வேறு இடம் இல்லாத காலம் பல நாடுகளில் நெடுநாள் இருந்தது. 1969இல் நியூயார்க்கில் எதிர்ப்பு வெடித்த ஸ்டோன்வால்கூட ஒரு மதுக்கூடம்தான். குடியும் புகையும் இருக்கிற இடத்தில்தான் சொந்தம் கிடைத்தது. அதனால் புகையை விடும்போது சொந்தத்தையே விடுகிற மாதிரி மனசு அலறுகிறது.

உங்கள் பால்கனியில் இல்லாமல்போனது அவள். அவளை வெளியே வரச் சொல்லுங்கள். நீங்கள் சிகரெட் இல்லாமல் நில்லுங்கள், அவள் உங்களோடு நிற்கட்டும், ராத்திரி அந்தப் பத்து நிமிடம் இருவருக்கும் உரியதாகவே இருக்கட்டும். முதல் சில நாள் கை எங்கே வைப்பதென்று தெரியாது. அவள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அவள் விட்டுவிட்டாள் என்பதால் உங்களுக்குள் ஒரு கோபமும் இருக்கும். அதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பத்தொன்பது நாள் விட்டிருந்தேன். இருபதாம் நாள் அண்ணன் போன் பண்ணினார். “உன்னால அம்மா வெளிய தலைகாட்ட முடியல” என்றார். வைத்துவிட்டு நேராகப் போய் மூன்று சிகரெட் பிடித்தேன். மறுபடியும் பூஜ்யத்திலிருந்தா?

இல்லை. பத்தொன்பது நாள் எங்கேயும் போகவில்லை. முதல் வாரம்தான் உடம்புக்கு மிகக் கடினம், அதைத் தாண்டியிருக்கிறீர்கள். சிகரெட்டுக்கான தாகம் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நாலு வாரத்தில் அடங்கிவிடும். நீங்கள் கரைக்குப் பக்கத்தில் வந்திருந்தீர்கள். இருபதாம் நாள் அடித்தது வேறு அலை.

தனியாக, மன உறுதியை மட்டும் வைத்துக்கொண்டு விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஏன் அப்படி உங்களை வருத்திக்கொள்ள வேண்டும்? ‘நான் இதற்குத் தகுதியானவன், வலிக்கட்டும்’ என்று உள்ளே ஒரு குரல் இருக்கிறதா என்று பாருங்கள். நம்மில் பலருக்கு இருக்கிறது, எனக்கும் இருந்தது. நிகோடின் பேட்ச், புகையை விட உதவும் மாத்திரைகளான புப்ரோபியான், வரெனிக்லின் ஆகிய மூன்றையும் எட்டாயிரம் பேருக்கு மேல் வைத்து ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2016இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. அவர்களில் பாதிப் பேர் மனநலச் சிக்கல் உள்ளவர்கள். மூன்றுமே உதவின, வரெனிக்லின் அதிகமாக உதவியது. மனநலப் பக்கவிளைவு, மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிடக் குறிப்பிடும்படி கூடவில்லை. மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பதால் இதெல்லாம் எனக்கு ஆகாது என்று நீங்களே முடிவுசெய்துவிடாதீர்கள். டாக்டரிடம் கேளுங்கள்.

காபி நிறையக் குடிக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். புகை, உடம்பு காஃபீனைக் கரைக்கும் வேகத்தைக் கூட்டிவைத்திருக்கும். புகையை விட்டதும் அந்த வேகம் இறங்கி, அதே அளவு காபி ரத்தத்தில் அதிக நேரம் தங்கும். தூக்கம் வராமல் நெஞ்சு படபடத்ததாகச் சொன்னீர்களே, அதில் ஒரு பங்கு இதுவாக இருக்கலாம். காபியைப் பாதியாக்குங்கள்.

இப்போது அண்ணன். அவர் சனிக்கிழமை மறுபடியும் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். எடுக்கத்தான் வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள். எடுக்காமலிருக்க உங்களுக்கு உரிமை உண்டு. எடுப்பதென்றால், உங்களை உங்கள் சரியான பெயரில் கூப்பிடுகிற ஒரு நண்பரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: “இத்தனை மணிக்கு அண்ணன் பேசுவார், வைத்ததும் உனக்குப் பண்ணுவேன், எடு.” வீட்டில் மிச்சமிருக்கும் சிகரெட்டை வெள்ளிக்கிழமையே தண்ணீரில் நனைத்துப் போட்டுவிடுங்கள். காலணியைக் கதவருகில் வைத்துக்கொள்ளுங்கள். போனை வைத்ததும் நண்பரோடு பேசிக்கொண்டே, முன்பு சிகரெட் வாங்கப் போன திசைக்கு எதிர்த்திசையில் நடக்க ஆரம்பியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு வரி எழுதுங்கள். போன் எத்தனை மணிக்கு வந்தது, வைத்த பிறகு எங்கே நின்றீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள். சிகரெட் பிடித்துவிட்டிருந்தாலும் எழுதுங்கள்.